சாயல் இல்லாத புரதம்

மரவள்ளிக் கொல்லையில், மோட்டார் கொட்டகை நிழலில் கோகிலவாணி மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறாள். கல்வராயன் மலைமேல் மேகம் கறுக்கிறது. ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரின் நஞ்சை முறிக்க மூன்று வருடமாக அவள் கணினியிலேயே வடிவமைத்த புரதம், நடுவில் ஒரு குழியோடு திரையில் மெல்லச் சுழல்கிறது. உலகில் தெரிந்த அத்தனை புரதங்களோடும் ஒப்பிட்டாயிற்று. ஒன்றின் சாயலும் இதற்கில்லை. இதைச் சொல்ல ஆள் தேடிக் கைபேசியில் பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள்; யாரையும் கூப்பிடாமல் கவிழ்த்து வைக்கிறாள். கிழங்கு பிடுங்க வந்த சாலம்மாள் குனிந்து திரையைப் பார்க்கிறாள். “இன்னா பாப்பா இது?” “நானே புதுசா செஞ்சதுக்கா. இதுக்குச் சொந்தம்னு ஒலகத்துல எதுவுமே இல்ல.” “அய்யோ, பாவமே!” “அதான்க்கா நல்லது, இதுவரைக்கும் யாரும் செய்யாததுன்னு அர்த்தம்,” என்று கோகிலவாணி சிரிக்கப் பார்க்கிறாள், உதடு கோணுகிறது. சாலம்மாள் திரையை விட்டு அவள் முகத்தைப் பார்க்கிறாள். கையிலிருந்த கிழங்கைக் கீழே போடுகிறாள். “கொஞ்சம் நவுரு பாப்பா, நானும் குந்திக்கிறேன்.”