ஒட்டாத நோய்

“கட்டின பொண்டாட்டியைக் காட்டுச் சாளையில தள்ளிட்டு, வேலிக்கு வெளியே அரிசியை வெச்சுட்டுத் திரும்பிப் பார்க்காம போறீங்களே! நாய்க்குக்கூட யாராவது இப்படிச் சோறு வைப்பாங்களா?”

டாக்டர் ருக்குமணியின் குரல், சோளக்காடு என்ற மலையூரில் மருத்துவ முகாம் நடந்த பள்ளிக்கூட அறையை அதிர வைத்தது. அது பலாப் பருவம். வெளியே பழத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்த சந்தைக் கூட்டம், பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டுச் சன்னலில் மொய்த்தது.

எதிரே நின்ற தேவராஜ், தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். சேந்தமங்கலத்துப் பக்கம் சொந்தப் பூமியும் கிணறும் உள்ளவன். டாக்டர் பலமுறை ஆளனுப்பிய பிறகே மலையேறி வந்திருந்தான்.

“எனக்கென்ன ஆசைங்களா, டாக்டரம்மா? ஒட்டிக்கிற நோவுங்களே! நாலு பேரு பொழங்கற ஊடு…”

“ஒட்டிக்கும்னு யார் சொன்னது?”

“ஊரே சொல்லுதுங்க.”

“ஊர் எந்தக் காலேஜ்ல படிச்சது?”

சன்னலில் சிரிப்பு வெடித்தது. பெஞ்சில் அமர்ந்திருந்த சுகந்தி மட்டும் சிரிக்கவில்லை. தேவராஜின் மனைவி அவள்தான். கைகால்களில் செதில் செதிலாய் உரியும் சொரியாசிஸ் வந்தது முதல், இரண்டு ஆண்டுகளாய் மலைமேல் கணவனுக்கிருந்த மிளகுத் தோட்டத்துக் குடிசையில் தனியே கிடப்பவள். தொட்டால் தொற்றாத ஒரு நோய்க்கு, தொடாமலே விதிக்கப்பட்ட தண்டனை! நோயைவிடக் கொடியது, நோயாளியைக் கண்டதும் மனிதர்கள் பின்வைக்கும் அந்த ஓரடிதான் என்பது ருக்குமணியின் எண்ணம். சென்ற முகாமில் இவளைப் பார்த்த நாள் முதல் அந்த ஓரடி அவர் நெஞ்சில் நெருப்பாய்க் கனன்றுகொண்டிருந்தது.

சிகிச்சைக்குப் பிறகு செதில் உதிர்ந்துவிட்டது. கருத்த தழும்புகள் மட்டும் எஞ்சியிருந்தன. அவற்றைக் காட்டித்தான், ‘நோய் போகவில்லை’ என்று ஊர் சாதித்தது. உண்மையை உள்ளிருந்தே எடுத்துக் காட்டுவதற்காக, தோலின் ஆழத்தைப் பார்க்கும் ஸ்கேன் கருவியைச் சென்ற முறை போலவே இம்முறையும் மருத்துவக் கல்லூரியில் மன்றாடி வாங்கி வந்திருந்தார் ருக்குமணி.

“வயித்துக்குத்தானுங்க ஸ்கேன் எடுப்பாங்க? தோலுக்கு என்னத்துக்கு? அதான் கண்ணுலயே தெரியுதே!” என்றான் சன்னலில் நின்ற மிளகு வியாபாரி சின்னுசாமி.

“உங்க கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கத்தான் இது!”

சுகந்தியின் முழங்கையில் ஸ்கேன் பசையைத் தடவிக் கருவியை வைத்தார். திரையில் சாம்பல் நிறக் கோடுகள் அசைந்தன.

“இருக்குதுங்களா, டாக்டரம்மா?” சுகந்தியின் குரல் நடுங்கியது.

“பயப்படாதே கண்ணு.” திரையைச் சன்னல் பக்கம் திருப்பினார் ருக்குமணி. “எல்லாரும் பாருங்க! போன தடவை தோலுக்கடியில கறுப்பா ஒரு பட்டை இருந்துச்சு. அதுதான் வீக்கம், அதுதான் நோய். இன்னிக்கு எங்கே அது? வடிஞ்சு போச்சு! மேலே இருக்கிறது வெறும் தழும்பு.”

“முழங்கால்ல பாருங்க.” சுகந்தி அவசரமாகச் சேலையை விலக்கினாள். “அங்க இருக்குமுங்க. நல்லாப் பாருங்க!”

பார்த்தார். அங்கும் இல்லை.

சுகந்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். இரண்டாண்டுத் துயரம் கரைந்தோடுவதைக் கண்ட ருக்குமணிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

“கேட்டுக்குங்க! நோய் முற்றி இருந்தப்பவும் இது ஒட்டலை. இப்பவும் ஒட்டாது. நாளைக்கே திரும்பி வந்தாலும் ஒட்டாது! ஒட்டுற நோயே வந்தாலும், ஒரு மனுசியைக் காட்டுல கொண்டுபோய்ப் போட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?” சொன்னவர், அவளுடைய தழும்பேறிய கையை எடுத்துத் தம் கன்னத்தில் வைத்துக்கொண்டார். “வாங்க தேவராஜ். எல்லார் முன்னாலயும் அவ கையைப் பிடிங்க!”

தேவராஜ் ஒரு விரலால் தொட்டான். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“என்ன மாப்ள, மொளகாயா தொட்டுப்போட்ட?” என்று சின்னுசாமி கேலி செய்தான்.

“நெசமாவே ஒட்டாதுங்களா?”

“ஒட்டாது!”

“எப்பவுமேங்களா?”

“எப்பவுமே!”

தேவராஜ் முதன்முறையாகச் சிரித்தான். மனைவியின் மணிக்கட்டை இறுகப் பற்றினான். சந்தையே கைதட்டியது.

“அப்பறம் என்னத்துக்கு மலையில கெடக்கோணும்? பஸ்ஸு நிக்குது. எடம் போடறேன், வெரசா வா” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினான்.

கூட்டம் கலைந்தது. மூடத்தனத்தை முச்சந்தியில் வைத்து முறியடித்த பெருமிதத்துடன், சுகந்தியின் கையில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்தார் ருக்குமணி.

“அழாதேம்மா. இனிமே உன்னை யாரும் ஒதுக்க முடியாது.”

சுகந்தி நிமிர்ந்தாள். அந்தக் கண்களில் நன்றி இல்லை, எரிந்துகொண்டிருந்தது ஆத்திரம்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா, டாக்டரம்மா? இந்த ரெண்டு வருசமா அந்தாளு என்னைய அடிக்காம இருந்தது, தொட்டா ஒட்டிக்குமுன்னு பயந்துதானுங்க.”