கருகல் வாசனை

சலவைக்கூடத்தில் யாரோ இஸ்திரிப் பெட்டியை விரிப்பின் மேலேயே மறந்து வைத்துவிட்டார்கள். துணி கருகும் வாசனை வந்ததும், துண்டு மடித்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டாள். போருக்குத் தப்பி இந்த ஊருக்கு வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் அந்த வாசனைக்கு எல்லாமே நேற்று நடந்ததுதான். தன்னந்தனியாக மேஜைக்கடியில் புகுந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

வீடு எரிந்த அன்றும் இப்படித்தான், குட்டித் தங்கையை அணைத்தபடி கட்டிலுக்கடியில் கிடந்தாள். உயிரோடு வெளியே வந்தது அவள் மட்டும்தான்.

மெல்ல மூச்சு சீரானது. இயந்திரங்களின் நீராவிச் சத்தம் தூரத்து மழைபோல் கேட்டது. தோளில் இளஞ்சூடாக ஏதோ சாய்ந்திருந்தது. அது சுகமாக இருந்ததால் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

சூப்பர்வைசர் அம்மா குனிந்து பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மா, துணிதான் கருகிடுச்சு. பயப்படாம வெளிய வா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாத்து, மெதுவா வா. பாப்பா நல்லா தூங்குது, தலை மேஜையில இடிச்சிடப்போகுது."

அவள் கண்ணைத் திறக்காமலேயே அந்தச் சின்னத் தலையின் மேல் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு, மெல்ல நகர்ந்து வெளியே வரத் தொடங்கினாள்.