நாற்பதுதானா?

மருந்து டப்பாவுக்குள் இரண்டு தெர்மாமீட்டர்கள் இருந்தன. பழையது பாரன்ஹீட்டில் காய்ச்சல் சொல்லும். துபாயிலிருந்து வந்த புதியது செல்சியஸில் சொல்லும். வந்த அன்றைக்கே பழையதைப் பார்த்து, "உன் கணக்கெல்லாம் இப்ப யாருக்கு வேணும்?" என்று கேட்டுவிட்டது.

ஒரு நாள் காலை குழந்தைக்கு உடம்பு கொதித்தது. அம்மா செண்பகவல்லி புதியதை எடுத்துக் குழந்தையின் அக்குளில் வைத்தாள். அது நாற்பது என்று காட்டியது.

"நாப்பதுதானா? நூறைத் தாண்டினாத்தானே காய்ச்சல்!" என்று சொல்லி அதை டப்பாவில் போட்டாள். ஆனாலும் மனசு கேட்காமல் பழையதைத் துழாவினாள்.

"உன் நாப்பது என் கணக்குல நூத்தி நாலு. அவளுக்கு அது தெரியல," என்றது பழையது.

"நான் சரியாத்தான் சொன்னேன். புரியலைன்னா அது அவ பாடு," என்றது புதியது.

"இப்ப மட்டும் நான் வேணுமாக்கும்!" என்று பழையது பஞ்சுக்கு அடியில் பதுங்கிக்கொண்டது.

தேடிப் பார்த்துக் கிடைக்காமல், செண்பகவல்லி குழந்தையைப் போர்த்திவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சாயங்காலம் அந்த வீட்டில் ஒப்பாரி கேட்டது.

"நான் காட்டினது சரியான அளவு," என்றது புதியது.

"நானும் தப்பா ஒண்ணும் சொல்லலியே," என்றது பழையது.