பதினோரு நாள் வருஷம்

"எந்தக் கிரகத்துலயாச்சும் வருஷம் சீக்கிரம் முடியுமா, பாப்பா?"

தடுப்பு முகாமின் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று மாணிக்கவாசகம் கேட்ட கேள்வி அது. துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில் முன்னால் நின்றதற்காக அவனை இரண்டு வருஷத்துக்கு உள்ளே போட்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

அவன் தங்கை சாரதாம்பாள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா போனதும் ஆறாவதோடு இங்கிலீஷ் பள்ளியை விட்டு நின்றவள் அவள். ஆள் முகம் பார்த்துப் பேச வராது, எழுத வரும். பழைய பேப்பர் கடையில் அண்ணன் வாங்கித் தந்த, அட்டை கிழிந்த வானநூல் ஒன்றைப் புரட்டிப் புரட்டி நோட்டுக்குள் ஒரு கிரகத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தாள். அது கதைக்கான கிரகம்தான். ஆனாலும் அதன் கடல் உறையக் கூடாது, மழைக்குக் காரணம் இருக்க வேண்டும், வருஷம் கணக்குக்கு ஒத்து வர வேண்டும்.

வாரம் ஒரு பக்கம் முகாமுக்குத் தபாலில் போடுவாள். அண்ணனிடமிருந்து பதில் வரும். அம்மா பொன்னம்மாவுக்கு எழுத்து தெரியாததால் அவள்தான் படித்துக் காட்டுவாள்.

ஆகஸ்டு மாதத்து மத்தியானம் ஒன்றில், காஜா பெராங் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. அப்போது சாரதாம்பாள் அரசாங்க முத்திரை போட்ட பழுப்பு உறை ஒன்றின் முதுகில் பெருக்கல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சேதுராமன்ங்கம்மா" என்றார் வந்தவர். "முகாம் ஆபீசுல வேல. வர்ற தமிழ் லெட்டரு, போற லெட்டரு எல்லாத்தையும் படிச்சுப் பாத்து முத்திரை குத்துறவன். இங்க பக்கத்துல செமாபோக்குல அக்கா வீட்டுக்கு வந்தேன். அப்படியே..."

"அய்யய்யோ! அப்ப எங்க வீட்டுச் சங்கதி பூரா உங்களுக்குத் தெரியுமா?" பொன்னம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உக்காருங்க தம்பி. எம்மவன் எப்படி இருக்கான்? மெர்டேக்கா அன்னிக்கி, அதான் சுதந்திரம் குடுக்குற அன்னிக்கி, எல்லாரையும் விட்டுருவாங்களாமே? மார்க்கெட்டுல பேசிக்கிட்டாங்க. இன்னும் ஒம்போது நாளுதான். புதுச் சட்டைகூடத் தெச்சு வெச்சிட்டேன்."

சேதுராமன் கதவு நிலையைப் பார்த்தார். "விட்டா... நல்லதுதாம்மா."

"லெட்டருல இவகிட்ட என்னமா கணக்குப் பேசுறான்! ஏழாம் வாய்ப்பாட்டுக்கே அழுத பய. உள்ள போனாத்தான் புத்தி வரும்போல." மகள் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, வாசல்ல ஆளு நிக்கிறாரு, வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா முத்தா உதுந்துரும்? இருங்க தம்பி, கோப்பி கலக்கிட்டு வர்றேன்."

பொன்னம்மா அடுப்படிக்குப் போனாள். சாரதாம்பாள் தலை நிமிரவில்லை.

"உன் கிரகம் சுத்துற அந்தச் சிவப்பு நட்சத்திரம்" என்றார் சேதுராமன் மெல்ல. "அதுல சூடு கம்மி. நீ மொதல்ல கிரகத்த ரொம்பத் தள்ளி வெச்சிருந்த. கடலு உறஞ்சு போயிருக்கும்."

அவள் பென்சில் நின்றது.

"தணல் கம்மியா இருந்தா சட்டிய நெருக்கி வைக்கணும், பாப்பா. கிட்டப் போகப் போக வருஷமும் சுருங்கிடும்" என்றார் அவர். சித்திரை மாதம் வந்த கடிதத்தில் இருந்த வரிகள் அவை. அதற்குப் பிறகுதான் அவளுடைய கிரகத்துக்கு வருஷம் பதினோரு நாள் ஆயிற்று. இரண்டு வருஷம் என்றால் இருபத்திரண்டே நாள்.

"அத எழுதினது உங்க அண்ணன் வாசகம் இல்ல, தங்கச்சி." அவர் குரல் இறங்கியது. "நான். பிப்ரவரிலயே காய்ச்சல்ல அவன்..."

அடுப்படியில் தம்ளர் சத்தம் கேட்டது. அவர் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்.

"வீட்டுக்கு ஆபீசுலேர்ந்து கடுதாசி போச்சு. ஆனா அதுக்கப்புறமும் அவன் பேருக்கு உன் லெட்டரு வந்துகிட்டே இருந்துச்சு. சரி, அந்தக் கடுதாசி உங்க கைக்கு வரலன்னு நெனச்சேன். ஆளு இல்லன்னு முத்திரை குத்தித் திருப்பி அனுப்பணும். கை வரல. அந்தக் கிரகத்துல ஆளுங்க குளுருல கெடக்குறாங்களேன்னுதான் மொதல்ல ஒரு வரி எழுதினேன். அப்புறம் புஸ்தகம் தேடிப் படிச்சு... மாசக் கடைசியோட எனக்கு அங்க வேல இல்ல. இனிமே எழுத முடியாது. உண்மையச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். என்ன மன்னிச்சிரும்மா."

அவள் அழுவாள் என்று காத்திருந்தார். அவள் அழவில்லை. பழுப்பு உறையைத் திருப்பி, உள்ளேயிருந்த தாளை எடுத்து அவரிடம் நீட்டினாள். தட்டச்சு செய்த நாலு வரி இங்கிலீஷ். மடித்த இடமெல்லாம் நைந்து துணியாகியிருந்தது. மேலே பிப்ரவரித் தேதி.

"வந்துச்சுங்க" என்றாள். "நாந்தான் அம்மாகிட்ட காட்டல."

சேதுராமன் தாளை வாங்கித் தேதியைப் பார்த்தார்.

"அப்ப... எல்லாம் தெரிஞ்சும் ஏம்மா எழுதிக்கிட்டே இருந்த?"

"அண்ணனுக்கு எழுதினியான்னு அம்மா வாராவாரம் கேப்பாங்க. அதுக்காகத்தான் மொதல்ல போட்டேன்." முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். "பதில் வந்துச்சுங்களே."

"தம்பிக்குச் சீனி எத்தன கரண்டி?" என்று உள்ளேயிருந்து பொன்னம்மா கேட்டாள்.

சேதுராமன் தாளை மடித்து அவள் நோட்டின் மேல் வைத்தார். படி இறங்கினார். தெருமுனை வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார்.