கட்டில் பலகைக் கிட்டார்

சென்னகேசவன் அதன் வயிற்றில் காதை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். விரலால் மெல்ல ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடி கேட்டார். பிறகு சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, "உசுரு வந்திருச்சு சௌடேஸ்வரி!" என்று கத்தினார்.

"எனக்குத்தான் உசுரு போகுது," என்றாள் மனைவி உள்ளேயிருந்து. "கட்டில்ல படுத்தா தலை செவுத்துல போயி முட்டுது."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சென்னகேசவன் மடியில் கிடந்த கிட்டாரின் மேல்பலகை, போன மாதம் வரை அவளுடைய சீதனக் கட்டிலின் தலைமாட்டுப் பலகையாக இருந்தது.

அருப்புக்கோட்டைத் தச்சர்களில், தறி செய்து கொடுப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. அதுவே அவருக்கு வினையாகப் போயிற்று. சினிமாவில் கதாநாயகர்கள் எல்லாம் கிட்டாரும் கையுமாக அலைந்த காலம் அது. டவுனில் புதிதாகத் தொழில் தொடங்கப்போகிற அப்துல் ரவூப் வந்து, "அண்ணே, ஒரு கிட்டார் செஞ்சு குடுக்க முடியுமா?" என்று கேட்டார். கிட்டாரைக் கையால் தொட்டுக்கூடப் பார்த்திராத சென்னகேசவன், "இதெல்லாம் ஒரு வேலையா பாய்!" என்று சொல்லிவிட்டார். ஊர்க் கதவுக்கெல்லாம் தாழ்ப்பாள் போட்டவர், தன் வாய்க்கு ஒன்று போட்டுக்கொள்ளவில்லை.

என்ன தொழில் என்று அவர் கேட்கவும் இல்லை. கிட்டார் வாங்குகிறவர் பாட்டுக் கச்சேரி வைக்காமல் பருத்தி யாவாரமா செய்யப்போகிறார்?

"நெட்டையன் பிடிச்சாலும் குட்டையன் பிடிச்சாலும் எடுப்பா இருக்கணும்ணே," என்றார் ரவூப். "பாலிஷ் மட்டும் கண்ணாடியாட்டம் வேணாம். லைட்டு பட்டா பளிச்சுன்னு அடிச்சிரும்."

பெரிய வித்வான், மேடை வெளிச்சத்தில் கண் கூசும்போல என்று சென்னகேசவன் மரியாதையோடு தலையை ஆட்டிக்கொண்டார்.

சர்ச்சில் கிட்டார் வாசிக்கும் இன்பராஜைக் கெஞ்சி, அவருடையதை அளவெடுத்து வந்து முதலில் ஒன்றைச் செய்தார். அது கிட்டார் இல்லை, தறிக்குப் பிறந்த பிள்ளை. எத்தனை வருஷம் மிதித்தாலும் ஆடக் கூடாது என்று உள்ளே கட்டை கட்டையாகத் தாங்கு கொடுத்திருந்தார்.

இன்பராஜ் மீட்டிப் பார்த்துவிட்டு, "கதவைத் தட்டுன மாதிரி இருக்கு அண்ணாச்சி," என்றார்.

"யாராச்சும் வந்து தொறந்தா சொல்லுங்க," என்று சென்னகேசவனும் சேர்ந்து சிரித்தார். வீடு வந்து சேர்ந்தபிறகு சிரிப்பு வரவில்லை.

மேல்பலகை மெல்லிசாக, நன்றாகக் காய்ந்த பழைய பலாவாக இருந்தால் பேசும். வீணையே பலாவில்தானே செய்கிறார்கள்! அப்படி ஒரு பலகை அவருக்குத் தெரிந்து ஒரே இடத்தில்தான் இருந்தது. சௌடேஸ்வரி சந்தைக்குப் போன நேரம் பார்த்துக் கழற்றினார். அவள் திரும்பி வருவதற்குள் பாதி இழைத்தும் விட்டார்.

அவள் ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"வாங்க வாரவுக வாயால, நல்லாப் பாடுதுன்னு ஒரு வார்த்தை வரட்டும். நான் கட்டிலைப் பத்திப் பேச்சே எடுக்க மாட்டேன். வரலையா, நான் நரிக்குடிக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறேன். நீங்க கிட்டாரைக் கட்டிக்கிட்டுப் படுங்க."

சென்னகேசவன் பயந்துதான் போனார். அந்தப் பயத்தில் வேலை சுத்தமாக வந்தது. பக்கப் பலகையை வெந்நீரில் ஊறப்போட்டு, சூடான இரும்புக் குழாயில் வைத்து வளைத்தார். தாங்குகளைக் குச்சி குச்சியாக இழைத்து, வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டினார். இன்பராஜ் வந்து சுருதி கூட்டி மீட்டியபோது தெரு முனை வரை கேட்டது. அன்றிலிருந்து சென்னகேசவன் நடையே மாறிவிட்டது. ரவூப் பாராட்டும்போது எப்படி அடக்கமாகச் சிரிப்பது என்றுகூடக் கண்ணாடி பார்த்துப் பழகி வைத்திருந்தார்.

சொன்ன நாளில் வாசலில் சைக்கிள் வந்து நின்றது. ரவூப்தான்.

கிட்டாரைப் பார்த்ததும் அவருக்கு வாய் முழுக்கச் சிரிப்பு. வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, சுவரில் தொங்கிய கண்ணாடி முன்னால் நின்று இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார்.

"அசல் தோத்துச்சு போங்கண்ணே!"

கதவுக்குப் பின்னால் சௌடேஸ்வரியின் வளையல் சத்தம் நின்றது. அவள் எதிர்பார்க்கிற வார்த்தை இன்னும் வரவில்லை.

"மீட்டிப் பாருங்க பாய்," என்றார் சென்னகேசவன், அடக்கமாகச் சிரித்தபடி.

ரவூப் கட்டைவிரலால் கம்பிகளை ஒரு இழுப்பு இழுத்தார். வீடே ரீங்காரமிட்டது. ரவூப்பின் முகம் சுருங்கியது.

"எல்லாம் சரிண்ணே. ஒரே ஒரு குறைதான்."

சென்னகேசவன் சட்டென்று கிட்டாரின் முறுக்காணிக்குக் கையை நீட்டினார். "சுருதி எறங்கிருச்சா பாய்? இந்தா, இப்பவே முடுக்கிருவோம்."

"அதில்லண்ணே. சத்தம் வருதே."

"கிட்டார்னா சத்தம் வராதா பாய்?"

"வாரவன் போறவனெல்லாம் டொய்ங்கு டொய்ங்குன்னு தட்டிக்கிட்டு நிப்பானே, ஒருத்தனும் அசையாம நிக்க மாட்டானே," என்று உண்மையிலேயே கவலைப்பட்டார் ரவூப். "கம்பியை உருவிட்டு நூலைக் கட்டிக் குடுங்கண்ணே, நம்ம ஸ்டுடியோ போட்டோவுல தெரியாது."