பாதி விலைப் புட்டி

மரநாயின் மகளைப் பெண் பார்க்க அன்று மாலை மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பிரெஞ்சுச் சிவப்பு ஒயினைத் தவிர வேறெதையும் தொடமாட்டாராம். மரநாய்க்கோ அது எட்டாத விலை. கடை கடையாக அலைந்து, கடைசியில் துறைமுகத்தோரம் கொக்கு வைத்திருந்த கடைக்கு வந்தது.

"இதை எடுத்துக்குங்க. நல்ல சரக்கு, விலையும் பாதிதான்," என்றது கொக்கு.

"பாதி விலையா? அப்ப என்னமோ கோளாறு இருக்கு."

"கப்பல்ல வரும்போது லேபிள் நனைஞ்சு கிழிஞ்சுபோச்சு. அவ்வளவுதாங்க."

மரநாய் நம்பவில்லை. "முதல்ல நீ குடிச்சுக் காட்டு," என்றது.

கொக்கு அலகால் தக்கையை உருவி, ஒரு கோப்பை குடித்துக் கண்ணை மூடி ரசித்தது. ரசிப்பதும் நடிப்போ என்று மரநாய்க்குத் தோன்றியது. இன்னொரு கோப்பை குடிக்கச் சொன்னது. மேலே சுத்தமாக இருந்தாலும் அடியில் கலப்படம் இருக்கலாமே என்று, மிச்சத்தையும் குடிக்கச் சொன்னது.

கொக்கு ஒற்றைக் காலில் நிற்க முடியாமல் தள்ளாடியபோதுதான் மரநாயின் மனம் கொஞ்சம் இளகியது. புட்டியைக் கவிழ்த்து, ஒட்டியிருந்த சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டது. அப்படியொரு ருசியை அது பிறந்ததிலிருந்து கண்டதில்லை.

"அசல் சரக்குதான்! இதிலேயே இன்னொரு புட்டி கொடு," என்று பரபரத்தது.

"அதுதாங்க கடைசி," என்றது கொக்கு, விக்கலோடு.

மரநாய் கொக்கை மேலும் கீழும் பார்த்தது. நல்லதை எங்கேயோ பதுக்கி வைத்திருக்கிறது இது! பொழுது சாய்வதைக்கூடக் கவனிக்காமல், அலமாரிக்குப் பின்னால் புகுந்து தேடத் தொடங்கியது.