பத்தும் முப்பதும்

"யாரு தப்போ அவுக பேரு ரிப்போர்ட்ல போகும். நாளையிலேருந்து வேலைக்கு வர வேண்டாம்!"

நெட்வொர்க் மேனேஜர் மெய்யநாதன் போனில் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

காரைக்குடி ஆஸ்பத்திரியில் ஒரு ரவுட்டர். அமராவதிபுதூர் புதுக் கட்டடத்தில் ஒரு ரவுட்டர். நாளைக்குத் திறப்பு விழா. இங்கே எடுக்கிற ஸ்கேன் படம் அங்குட்டு இருக்கிற டாக்டருக்குப் போயாகணும். காலையிலிருந்து அந்த இரண்டும் ஒன்றையொன்று சேர்த்துக்கொள்ளவே மாட்டேன் என்று அடம்.

விஷயம் சின்னதுதான். ரவுட்டர்கள் 'நான் இருக்கேன், நான் இருக்கேன்' என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே இருக்கும். எத்தனை விநாடிக்கு ஒருதரம் என்பது இரண்டிலும் ஒரே எண்ணாக இருக்கணும். காரைக்குடியில் டெக்னீஷியன் சபியுல்லா வைத்தது பத்து. அமராவதிபுதூரில் இன்னொரு டெக்னீஷியன் கிருஷ்ணப்ரியா வைத்தது முப்பது.

லீவு விஷயத்தில் சண்டை போட்டு, இவர்கள் இரண்டு பேரும் பேசியே மூணு மாசம் ஆகிறது. இந்த லட்சணத்தில் ரவுட்டர் எங்கே சேரும்?

"அரை மணி நேரம் தாரேன். சரி பண்ணுங்க."

அரை மணி கழித்து லேப்டாப்பைத் திறந்தவருக்குத் தலை சுற்றியது. சபியுல்லாவிடம் முப்பது. கிருஷ்ணப்ரியாவிடம் பத்து!

இதென்னடா கூத்து? கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். அதேதான். ஒருத்தரை ஒருத்தர் மாட்டிவிடப் பார்க்கிறார்களோ?

முதலில் சபியுல்லாவைப் பிடித்தார். "என்ன பாய், விளையாடுறீகளா? எதுக்கு மாத்துனீக?"

"என்னோடதுதான் சார் தப்பு, அதான் அந்தப் புள்ள வச்ச முப்பதுக்கே மாத்திட்டேன். என் பேரையே எழுதிக்கங்க. அந்தப் புள்ளைக்கு இப்பத்தான் வேலை நிரந்தரமாச்சு, பாவம்."

அடுத்து கிருஷ்ணப்ரியா.

"தப்பு என்னோடது சார். பாய் வீட்ல அடுத்த மாசம் மக கல்யாணம். அவுக பேரை எழுதிராதீக. நான் சொன்னேன்னும் சொல்லிராதீக."

மெய்யநாதனுக்கு ஒன்றுமே ஓடவில்லை. ரெண்டுமே தப்புன்னா எதுதான்யா சரி?

போன வாரம் இருவருக்கும் அனுப்பிய வேலைத்தாளைத் தேடி எடுத்தார். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. 'எத்தனை விநாடி' என்ற கட்டம் மட்டும் காலி. கீழே, தயாரித்தவர்: மெய்யநாதன்.

மெதுவாகப் போனை எடுத்தார். "பாய், நீங்க மட்டும் பழையபடி பத்துக்கே மாத்திருங்க."

அடுத்த நிமிஷம் ரவுட்டர்கள் சேர்ந்துகொண்டன.

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை எழுத ஆரம்பித்தார்.

'காரணம்: வயர் கோளாறு. யார் மேலும் தப்பில்லை.'